பழைய லேப்டாப் விடாமல் பீப் அடிக்கிறதா?

கேள்வி: எட்டு வருடப் பழைய டெல் லேப்டாப். ஆன் செய்தால் திரை கறுப்பாகவே இருக்கிறது. இரண்டு பீப், சிறு இடைவெளி, மறுபடி இரண்டு பீப் என்று ஓயாமல் அடிக்கிறது. மதர்போர்டு போய்விட்டது என்கிறார் ஒருவர். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம், பொறுங்கள். டெல்லின் பழைய மாடல்கள் பலவற்றில் இரண்டு பீப் என்றால் ரேம் (தற்காலிக நினைவகப் பலகை) இருப்பதை லேப்டாப்பால் கண்டறிய முடியவில்லை என்று பொருள். நான்கு பீப் என்றால் ரேம் இருக்கிறது, ஆனால் பழுது. ஐந்து, கடிகார பேட்டரி தீர்ந்ததைச் சொல்லும். எட்டு, திரைக் கோளாறு. இந்த எண்ணிக்கை எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானதல்ல. வேறு மாடல் வைத்திருப்பவர்கள் அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டைப் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

சார்ஜரைப் பிடுங்குங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள், உள்ளே பொருத்திய பேட்டரி என்றால், அடிமூடியைத் திறந்ததும் முதல் வேலையாக அதன் கனெக்டரை எடுத்துவிடுங்கள். பவர் பட்டனை 20 விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். பெயின்ட் இல்லாத உலோகம் ஒன்றைத் தொட்டு, உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு ரேமில் கை வையுங்கள்.

அடிமூடிக்குள் ரேமைப் பிடித்திருக்கும் இரு பக்கக் கொக்கிகளையும் வெளிப்பக்கம் விலக்கினால் ரேம் தானாகச் சாய்வாக எழும்பும். அதன் ஓரத்தில் வரிசையாக இருக்கும் தங்க நிறப் பட்டைகளை வெளிச்சத்தில் பாருங்கள். பளபளப்பு மங்கி, புகை படிந்தது போலிருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. பென்சில் அழிப்பானால் மெதுவாக, ஒரே திசையில் தேயுங்கள். துகளைப் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இருந்தால் துணியில் தொட்டுத் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். மறுபடி செருகும்போதும் சாய்வாகத்தான் செருக வேண்டும். தங்கப் பட்டை வெளியே தெரியாத அளவுக்கு உள்ளே போன பிறகே கீழே அழுத்துங்கள். இரு கொக்கிகளும் 'டக்' என்று பிடிக்க வேண்டும். பாதி செருகிய ரேமை அழுத்துவதால்தான் பல ஸ்லாட்டுகள் உடைகின்றன.

பீப் தொடர்ந்தால் ஒரு ரேமை மட்டும் வைத்து ஆன் செய்யுங்கள். இரண்டு ரேம், இரண்டு ஸ்லாட் என்றால் மொத்தம் நான்கு சோதனை. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் மின் இணைப்பைத் துண்டிக்க மறக்காதீர்கள். இரண்டு ஸ்லாட்டிலும் ஏறாத ரேம் கெட்டது. இரண்டு ரேமையும் ஏற்காத ஸ்லாட் கெட்டது. அப்படியானால் மற்ற ஸ்லாட்டிலேயே ஓட்டலாம். புது ரேம் வாங்கும்போது வோல்டேஜையும் பாருங்கள்: டிடிஆர்3 வகை 1.5 வோல்ட், டிடிஆர்3எல் வகை 1.35 வோல்ட். 1.35 மட்டுமே ஏற்கும் லேப்டாப்பில் 1.5 வோல்ட் ரேமைப் போட்டால் அதே பீப்தான் வரும். நான்கு சோதனையும் தோற்றால் மட்டும் மதர்போர்டைச் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: ஆன் செய்ததும் விட்டுவிட்டு பீப் தொடர்கிறது. விண்டோஸ் வந்தபின் ஒரே எழுத்து தானாக ஓடுகிறது. யுஎஸ்பி கீபோர்டு செருகியும் பயனில்லை.

பதில்: லேப்டாப்பின் கீபோர்டில் ஒரு விசை அழுந்தியபடியே நிற்கிறது. தொடக்க நிலையில் பயாஸின் (விண்டோஸுக்கு முன் இயங்கும் அடிப்படை மென்பொருள்) கீபோர்டு நினைவகத்தில் 15 அழுத்தங்கள்தான் அடங்கும். அது நிரம்பியபின் வரும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பீப். வெளிக் கீபோர்டு செருகினாலும் உள்ளே இருப்பது வேலை செய்துகொண்டேதான் இருக்கும். அதனால்தான் சத்தம் நிற்கவில்லை.

விண்டோஸில் திரைக் கீபோர்டைத் திறந்தால், சிக்கிய விசை அதில் நிறம் மாறி நிற்கும். அந்த விசையின் அடியில் தூசியோ சிந்திய பானமோ ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சுத்தம் செய்தும் சரியாகாவிட்டால், மின் இணைப்பையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு கீபோர்டின் ரிப்பன் கேபிளைக் கழற்றுங்கள். கனெக்டரின் மெல்லிய பூட்டை நகத்தால் தூக்கிய பிறகே கேபிள் வர வேண்டும். சில மாடல்களில் பூட்டு மேலே எழும், சிலவற்றில் பக்கவாட்டில் நகரும். பூட்டோடு இழுத்தால் மதர்போர்டிலுள்ள கனெக்டரே உடைந்துவிடும், அதைச் சரிசெய்வது கீபோர்டை மாற்றுவதைவிடப் பெரிய வேலை. கேபிள் இல்லாமல் ஆன் செய்து சத்தம் நின்றால் சந்தேகமே இல்லை, கீபோர்டை மாற்றுங்கள். புதிதின் பாகஎண் பழையதோடு ஒத்திருக்கட்டும்.

கேள்வி: வேறு எந்தக் கோளாறும் இல்லை. திடீரென்று விசைகளை அழுத்தும்போதெல்லாம் பீப் வருகிறது.

பதில்: வலது ஷிஃப்டை 8 விநாடி அழுத்திப் பிடித்தால் ஃபில்டர் கீஸ் (தவறுதலான விசை அழுத்தங்களைப் புறக்கணிக்கும்) வசதி இயங்கத் தொடங்கும். விண்டோஸ் அமைப்புகளில் அணுகல் வசதிகள் பகுதியில் கீபோர்டைத் திறந்து அதை அணையுங்கள். குறுக்குவழியையும் சேர்த்து அணைத்தால் மறுபடி வராது.

கேள்வி: ஸ்பீக்கரை மியூட் செய்தும் சத்தம் வருகிறது. கை வைக்கும் இடத்துக்கு அடியிலிருந்து மெல்லிய பீப், பிறகு ஒரு 'டிக்'. சில நேரம் விண்டோஸ் வருவதில்லை.

பதில்: இது எச்சரிக்கை பீப் அல்ல, ஹார்ட் டிஸ்க்கின் முனகல். தட்டில் ஒட்டிக்கொண்ட படிப்புமுனையாலோ இறுகிய மோட்டாராலோ தட்டைச் சுழற்ற முடியாமல் திணறும்போது இப்படி ஒலிக்கும். திரும்பத் திரும்ப ஆன் செய்யாதீர்கள். ஒவ்வொரு முயற்சியிலும் தட்டு கீறுபட வாய்ப்பு உண்டு. தட்டிப் பார்ப்பதும் குளிர்பெட்டியில் வைப்பதும் வேண்டவே வேண்டாம். அடுத்த முறை விண்டோஸ் வந்தால் வேறு எதையும் திறக்காமல், மிக முக்கியமான கோப்புகளை முதலில் வெளி டிரைவுக்கு நகலெடுங்கள். வரவே இல்லை, நகலும் இல்லை என்றால் டிஸ்க்கைக் கழற்றி, அதைத் திறக்காமல் அப்படியே தரவு மீட்பு நிபுணரிடம் கொடுங்கள். லேப்டாப்பில் புதிய எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகம்) ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம்.