30 வினாடிக் கணக்கு: வாசகர் கேள்வி பதில்

பாடல் கேட்கும் பழக்கம் மாறிவருவது குறித்துக் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் ஒன்றுக்கொன்று நெருக்கமானவற்றைச் சேர்த்து, ஏழு கேள்விகளாக்கி விடை எழுதியிருக்கிறேன். முதல் விடை சற்று நீளமானது. பின்னால் வரும் பலவற்றுக்கும் அதுவே அடிப்படை என்பதால் வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: இசைச் செயலி ஒன்றுக்கு மாதச் சந்தா கட்டுகிறேன். சென்ற மாதம் முழுவதும் ஒரே ஒரு புல்லாங்குழல் கலைஞரின் பதிவுகளைத்தான் கேட்டேன். நிறுவனம் எடுத்துக்கொண்டது போக, என் பணத்தில் மீதி அவருக்குத்தானே போயிருக்கும்?

பதில்: அப்படித்தான் இருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றும், நடப்பது வேறு. பெரிய ஸ்ட்ரீமிங் சேவைகள், அதாவது இணையம் வழியே பாடலை ஓடவிட்டுக் கேட்கச் செய்பவை, பெரும்பாலானவற்றில் ஒவ்வொருவரின் சந்தாவுக்கும் தனித்தனிக் கணக்கு கிடையாது. ஒரு நாட்டில் அந்த மாதம் வசூலான தொகை முழுவதும் ஒரே உண்டியலில் விழுகிறது. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை நிறுவனம் வைத்துக்கொண்டு, மீதியை, மொத்த ஸ்ட்ரீம்களில் யாருடைய பாடல் எத்தனை முறை ஒலித்தது என்ற விகிதப்படி உரிமையாளர்களுக்குப் பிரித்துத் தருகிறது.

சின்னக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தால் இதன் விளைவு விளங்கும். அந்தச் சேவைக்கு நீங்களும் இன்னொருவருமாக இரண்டே சந்தாதாரர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 100 கட்டுகிறீர்கள். நிறுவனம் தலைக்கு 30 எடுத்துக்கொள்கிறது. பிரிப்பதற்கு 140 மிஞ்சுகிறது. நீங்கள் புல்லாங்குழலை 50 முறை கேட்டீர்கள். மற்றவரோ காலையில் போட்ட பாட்டை இரவு வரை நிறுத்தாதவர். ஒரு நட்சத்திரப் பாடகரின் பாடல்களை 950 முறை ஓடவிட்டார். மொத்தம் 1,000 ஸ்ட்ரீம்கள், ஒவ்வொன்றுக்கும் 0.14. புல்லாங்குழல்காரர் கணக்கில் 7 சேருகிறது, நட்சத்திரத்தின் கணக்கில் 133. உங்கள் பங்கில் இருந்த 70இல் 63, நீங்கள் ஒரு முறைகூடக் கேட்காத ஒருவருக்குப் போய்விட்டது. அந்த 7கூட நேரே கலைஞரின் கைக்கு வருவதில்லை. பதிவின் உரிமை வைத்திருக்கும் நிறுவனம், இசையமைத்தவர், பாடல் எழுதியவர், அவர்களுடைய பதிப்பாளர் என்று ஒப்பந்தப்படி பிரிந்த பிறகு மிஞ்சுவதே அவருக்கு.

ஆகவே, ‘ஒரு ஸ்ட்ரீமுக்கு இவ்வளவு’ என்று அடிக்கடி சொல்லப்படும் தொகை யாரும் முன்கூட்டி நிர்ணயித்த கூலி அன்று. மாதம் முடிந்தபின் வகுத்துப் பார்த்தால் கிடைக்கும் சராசரி. 2021இல் ஆப்பிள் மியூசிக் கலைஞர்களுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு முறைக்குச் சராசரியாக ஒரு சென்ட் தருவதாகச் சொன்னதும் இந்த வகைச் சராசரிதான். ஸ்பாட்டிஃபை செயலியில் ஒரு பாடல் 30 வினாடிகளாவது ஓடினால்தான் அது ஒரு ஸ்ட்ரீம். 29ஆவது வினாடியில் தாவிவிட்டால் கணக்கில் வராது, 30ஐத் தாண்டிவிட்டால் நான்கு நிமிடப் பாடலுக்கும் நாற்பது நிமிட ஆலாபனைக்கும் ஒரே மதிப்பு. இந்த இரண்டாவது பாதிதான் என்னை உறுத்துவது. 2024 முதல் இன்னொரு விதியும் சேர்ந்திருக்கிறது: முந்தைய 12 மாதங்களில் 1,000 ஸ்ட்ரீம்களை எட்டாத பதிவுக்கு அங்கே ராயல்டி, அதாவது உரிமைப் பங்குத்தொகை, கிடையாது.

மாற்று முயற்சிகளும் இல்லாமல் இல்லை. சவுண்ட்கிளவுட் என்ற சேவை 2021இல், தனித்தியங்கும் கலைஞர்களுக்கு மட்டும், கேட்பவரின் பணத்தை அவர் கேட்ட கலைஞருக்கே பிரித்துத் தரும் முறையைக் கொண்டுவந்தது. டீசர் என்ற பிரெஞ்சு ஸ்ட்ரீமிங் சேவை 2023இல் யுனிவர்சல் இசை நிறுவனத்துடன் சேர்ந்து வேறொரு வழியை எடுத்தது: மாதம் 500 தனித்தனி நேயர்களிடமிருந்து 1,000 ஸ்ட்ரீம்களாவது பெறும் கலைஞருக்கு இரட்டை மதிப்பு, நேயர் தானாகத் தேடிப் போய்க் கேட்ட பாடலுக்கும் கூடுதல் மதிப்பு. செயலி ஊட்டியதையும் நேயர் நாடிப் போனதையும் கணக்கில் வேறுபடுத்துவது எனக்குச் சரியென்றே படுகிறது. இருந்தாலும் உங்கள் புல்லாங்குழல்காரருக்கு உருப்படியாக ஏதேனும் செய்ய நினைத்தால், அவருடைய கச்சேரிக்கு ஒரு டிக்கெட் வாங்குவதோ, அவர் நேரடியாக விற்கும் பதிவை வாங்குவதோ பல மாத ஸ்ட்ரீம்களைவிட மேல்.

கேள்வி: பத்துக் கோடி ஸ்ட்ரீம் என்றால் பத்துக் கோடிப் பேர் கேட்டதாகத்தானே பொருள்? நண்பர்களிடையே பெரிய சண்டை நடக்கிறது.

பதில்: பொருள் அதுவன்று. ஒருவரே ஆயிரம் முறை கேட்டிருக்கலாம். தூங்கிப்போனவரின் தலைமாட்டில் விடியும்வரை ஓடியதும் அதில் சேர்ந்திருக்கும். தரவரிசை தயாரிப்பவர்களே ஸ்ட்ரீமை ஆளாக எண்ணுவதில்லை. அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பப் பட்டியலில் 2014 டிசம்பரில் ஸ்ட்ரீம்களைச் சேர்த்தபோது 1,500 ஸ்ட்ரீம்கள் ஒரு ஆல்பம் விற்றதற்குச் சமம் என்று வகுத்தார்கள். 2018இல் சந்தா கட்டிக் கேட்பதற்கு அதிக மதிப்பும் விளம்பரத்துடன் இலவசமாகக் கேட்பதற்குக் குறைந்த மதிப்பும் என மாற்றினார்கள். சண்டையை நிறுத்த இது உதவாது என்று தெரியும். எந்த எண் எதை எண்ணுகிறது என்பதையாவது முடிவு செய்துகொண்டு தொடரலாம்.

கேள்வி: எல்லோரும் செல்பேசியில்தான் கேட்கிறார்கள் என்கிறார்கள். பழைய இசைத்தட்டுகளின் விற்பனை ஏறுகிறது என்றும் படிக்கிறேன். இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாகும்?

பதில்: இரண்டும் உண்மைதான், அளவுதான் வேறு. உலக ஒலிப்பதிவுத் தொழிலின் கூட்டமைப்பான ஐ.எஃப்.பி.ஐ. தந்த கணக்குப்படி 2024இல் பதிவிசையின் மொத்த வருமானம் 2,960 கோடி டாலர். முந்தைய ஆண்டைவிட 4.8 விழுக்காடு கூடுதல். அதில் ஸ்ட்ரீமிங்கின் பங்கு 69 விழுக்காடு. சந்தாவில் கேட்பவர்கள் 75.2 கோடிப் பேர். இசைத்தட்டு, குறுந்தகடு, ஒலிநாடா என்று கையில் பிடிக்கும்படியான எல்லாம் சேர்ந்தே ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். அந்த வகையின் மொத்த வருமானம் அவ்வாண்டு சற்றுக் குறையவும் செய்தது. அந்தச் சரிவுக்குள்ளே இசைத்தட்டு மட்டும் 4.6 விழுக்காடு வளர்ந்திருக்கிறது, தொடர்ந்து 18ஆவது ஆண்டாக. அமெரிக்காவில் 2022இல் 4.1 கோடி இசைத்தட்டுகளும் 3.3 கோடி குறுந்தகடுகளும் விற்றன. எண்ணிக்கையில் தட்டு குறுந்தகட்டை முந்தியது 1987க்குப் பிறகு அதுவே முதல் முறை.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த தகவல் ஒன்று. லூமினேட் என்ற தரவு நிறுவனம் அமெரிக்காவில் விசாரித்துப் பார்த்தபோது, ஓராண்டுக்குள் இசைத்தட்டு வாங்கியவர்களில் பாதிப் பேரிடம்தான் அதை ஓட்டும் கருவியே இருந்தது. மற்றவர்கள் உறையைச் சுவரில் மாட்டியிருப்பார்கள், அல்லது பிரிக்காமலே அலமாரியில் அடுக்கியிருப்பார்கள். பாடலை அவர்கள் கேட்பது செயலியில்தான். ஒரே ஆல்பத்தை நான்கைந்து நிறத் தட்டுகளில் வெளியிட்டு ஒரே ரசிகரிடம் நான்கைந்து முறை விற்கும் வியாபார உத்தி இந்த மனநிலையை நம்பித்தான் நடக்கிறது. கருவி வைத்திருக்கும் மறுபாதியின் அனுபவம் தனி. உறையிலிருந்து விளிம்பைப் பிடித்துத் தட்டை எடுத்து, தூசி துடைத்து, முள்ளை இறக்கி வைத்துவிட்டால், இருபது நிமிடத்துக்குப் பிறகு எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். அந்த இருபது நிமிடமும் பாடலைத் தாண்டிப் போவது வேலை மெனக்கெட்ட காரியம் என்பதால், பிடிக்காத மூன்றாவது பாடலையும் கேட்டுத் தொலைக்கிறோம். சில வேளை அதுவே பிடித்தும் போகிறது.

உண்மையில் அழிந்துகொண்டிருப்பது தட்டு அன்று, பதிவிறக்கம். 2003 ஏப்ரலில் ஆப்பிளின் இணையப் பாடல் கடையான ஐட்யூன்ஸ் திறந்து, ஒரு பாடல் 99 சென்ட் என்று விற்றபோது எதிர்காலம் அதுவே என்றார்கள். பாடல் கோப்புகளை இலவசமாகப் பகிர வழிசெய்த நாப்ஸ்டர் வந்த 1999 தொடங்கி 2014 வரை சரிந்துகொண்டிருந்த தொழிலை அதனால் தூக்கி நிறுத்த முடியவில்லை. நிறுத்தியது மாதச் சந்தா.

கேள்வி: புதிய பாடல் கேட்கலாம் என்று செயலியைத் திறந்தால், நான் ஏற்கெனவே கேட்டவற்றையே திரும்பத் திரும்பப் போடுகிறது. கோளாறு அதனிடமா, என்னிடமா?

பதில்: இருவரிடமும். பரிந்துரைக்கும் நிரலுக்கு இசை தெரியாது, பழக்கம் தெரியும். உங்களைப் போலவே இன்னின்ன பாடல்களைக் கேட்டவர்கள் அவற்றுடன் வேறு எவற்றைக் கேட்டார்கள், எந்த இடத்தில் தாவினார்கள், எதைச் சேமித்தார்கள் என்பவற்றையே அது முதன்மையாகப் பார்க்கிறது. பாடலின் தாளவேகம், ஒலித்தன்மை முதலியவற்றை அளப்பதும் உண்டு. நீங்கள் தாவாமல் விட்ட பாடல் உங்களுக்குப் பிடித்த பாடல் என்று அது கொள்கிறது. சமையல் வேலையில் கை ஈரமாக இருந்ததால் தாவாமல் விட்டீர்கள் என்பது அதற்குத் தெரிய வழியில்லை. குழந்தையைத் தூங்கவைக்க ஒரு வாரம் தாலாட்டுப் போட்டவருக்கு அடுத்த இரண்டு மாதம் தாலாட்டாகவே வருவது இதனால்தான். இதற்கு மருந்து உண்டு: அத்தகைய வேளைகளில் நீங்கள் கேட்பதைப் பரிந்துரைக் கணக்கிலிருந்து விலக்கிவைக்க உதவும் ‘தனிப்பட்ட அமர்வு’ என்ற வசதியை இயக்கிவிடுங்கள், பாடல் முடிந்ததும் தானாக அடுத்ததைத் தொடங்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள், வாரம் ஒரு முறையாவது ஒரு பெயரைத் தட்டச்சு செய்து தேடி, ஒரு முழு ஆல்பத்தைக் கேளுங்கள்.

பழையதை நாடுவது உங்கள் ஒருவரின் குணமும் அன்று. அமெரிக்காவில் 2024இல் கேட்கப்பட்ட, வாங்கப்பட்ட இசையில் ஏறத்தாழ 73 விழுக்காடு, வெளியாகி 18 மாதங்களுக்கு மேலானது என்கிறது லூமினேட். (ஒன்றரை வயதானவுடன் பாடலுக்கு முதுமை வந்துவிடுகிறது!) 1985இல் வெளியான, பிரிட்டிஷ் பாடகி கேட் புஷ்ஷின் பாடல் ஒன்று, தொலைக்காட்சித் தொடரில் இடம்பெற்றதால் 2022இல் பிரிட்டிஷ் பட்டியலில் முதலிடம் பிடித்தது. தட்டுகளின் காலமாக இருந்தால், அதற்குள் அச்சில் இல்லாமல் போயிருக்கக்கூடிய பாடல் அது. செயலியில் எல்லாக் காலமும் ஒரே அலமாரியில் இருப்பதால், இன்று பாடல் வெளியிடும் இளைஞர் சக இளைஞர்களுடன் மட்டுமல்லாமல் அறுபது ஆண்டுப் பதிவுகளுடனும் போட்டியிட வேண்டியிருக்கிறது.

கேள்வி: செயலியில் நூற்றுக்கணக்கான பாடல்களைப் பதிவிறக்கி வைத்திருந்தேன். சந்தா முடிந்ததும் ஒன்றையும் திறக்க முடியவில்லை. இது முறையா?

பதில்: முறையோ இல்லையோ, ஒப்பந்தம் அதுதான். நீங்கள் வைத்திருந்தவை அந்தச் செயலி மட்டும் திறக்கக்கூடிய பூட்டிய கோப்புகள். இணையமில்லாத இடத்திலும் கேட்பதற்கான வசதி, உடைமை அன்று. சந்தா உயிரோடு இருக்கும்போதே ஸ்பாட்டிஃபையில் 30 நாளுக்கு ஒரு முறையாவது இணையத்தில் இணையாவிட்டால் அவை அகன்றுவிடும். இழக்கவே கூடாது என்று நினைக்கும் பாடல்களைப் பூட்டில்லாத கோப்பாகவோ தட்டாகவோ விலைகொடுத்து வாங்கிவிடுவதே வழி.

கேள்வி: இப்போதைய பாடல்களில் முன்னிசையே இல்லை, எடுத்த எடுப்பில் பாடத் தொடங்கிவிடுகிறார்களே, இதற்கும் 30 வினாடிக் கணக்குதான் காரணமா?

பதில்: ஒரு காரணம். முழுக் காரணம் அன்று. 1986 முதல் 2015 வரை அமெரிக்காவில் முதல் 10 இடங்களுக்குள் வந்த 303 பாடல்களை அளந்து பார்த்த ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வில், 20 வினாடிக்கு மேல் இருந்த முன்னிசை சுமார் 5 வினாடியாகச் சுருங்கியிருந்தது தெரியவந்தது. அந்த 30 ஆண்டுகளில் பெரும்பகுதி ஸ்ட்ரீமிங் பரவுவதற்கு முந்தையது. பாத்திரத்துக்கேற்ப நீரைப் போல் வடிவெடுப்பது இசைக்குப் புதிதன்று. நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம்தான் கொண்டது என்பதால் அன்றைய பாடல்களும் அந்த அளவுக்குள் அடங்கின.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு தயாரித்த பாடல்கள் செயலிகளில் குவிகின்றன என்கிறார்கள். நான் கேட்பது மனிதர் பாடியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: காதை நம்பிப் பயனில்லை. டீசரும் இப்சோஸ் என்ற கருத்தாய்வு நிறுவனமும் எட்டு நாடுகளில் 9,000 பேரிடம் நடத்தி 2025 நவம்பரில் வெளியிட்ட சோதனையில் 97 விழுக்காட்டினரால் வேறுபாட்டைச் சொல்ல முடியவில்லை. முழுக்க இயந்திரம் தயாரித்தவை என்று தான் கண்டறிந்தவை 2025 ஜனவரியில் நாளொன்றுக்கு 10,000 வந்தன என்றும், நவம்பரில் அது 50,000 ஆகிவிட்டது என்றும் டீசர் சொல்கிறது. அங்கே அப்போது நாள்தோறும் வந்து சேர்ந்த பதிவுகளில் அது மூன்றில் ஒரு பங்கு. ஆனால் கேட்கப்பட்டதில் அவற்றின் பங்கு அப்போது ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. அப்படிக் கேட்கப்பட்டதிலும் 70 விழுக்காடு வரை மோசடி ஸ்ட்ரீம்கள் என்பது அதன் அப்போதைய கணிப்பு. மனிதர் கேட்காத பாட்டை யார் கேட்கிறார்கள்? இன்னொரு இயந்திரம் கேட்கிறது. 2024 செப்டம்பரில் அமெரிக்க அரசு தொடுத்த குற்ற வழக்கு ஒன்றில், லட்சக்கணக்கான செயற்கைப் பாடல்களை ஏற்றி, தானியங்கிக் கணக்குகளைக் கொண்டு ஓடவைத்து, ஒரு கோடி டாலருக்கு மேல் ராயல்டி பெற்றதாக ஒருவர் மீது குற்றம் சாட்டப்பட்டது. முதல் விடையில் சொன்ன உண்டியலை நினைவுகூருங்கள்: அந்தப் பணம் நிறுவனத்தின் பெட்டியிலிருந்து போவதில்லை, அதே மாதத்தில் பங்கு பெறவேண்டிய மற்றக் கலைஞர்களின் பாகத்திலிருந்து போகிறது.

டீசர் 2025 ஜூன் முதல் அத்தகைய ஆல்பங்களுக்கு அடையாளச் சீட்டு ஒட்டுகிறது. அந்த வசதி இல்லாத செயலியில், பாடலின் விவரப் பக்கத்தைத் திறந்து இசையமைத்தவர், வாசித்தவர், பதிவு செய்தவர் பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே பெயரில் மாதத்துக்கு நாலைந்து ஆல்பம் வெளியாகி, அந்தப் பெயருக்கு ஒரு மேடை நிகழ்ச்சிகூட இல்லையென்றால், சந்தேகப்படலாம்.