ஓல் மேன் ரிவர்: எது மூலப்பாடல்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கறுப்பினப் பாடகர் பால் ராப்சன் பாடிய 'ஓல் மேன் ரிவர்' (கிழவன் ஆறு) பாடலைச் சமீபத்தில் கேட்டேன். அமெரிக்கக் கறுப்பின அடிமைகள் பாடிவந்த நாட்டுப்பாடல் அது என்கிறார் என் நண்பர். அப்புறம் ராப்சனே பாடிய இன்னொரு பதிவு கிடைத்தது. அதில் கடைசி வரிகள் வேறாக இருக்கின்றன. எது மூலம்? எதை முதலில் கேட்பது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அது நாட்டுப்பாடல் இல்லை. நியூயார்க்கின் சீக்ஃபெல்ட் அரங்கில் 1927 டிசம்பர் 27 அன்று தொடங்கிய 'ஷோ போட்' இசை நாடகத்துக்காக எழுதப்பட்டது. இசை ஜெரோம் கெர்ன், வரிகள் ஆஸ்கர் ஹாமர்ஸ்டீன். இருவருமே வெள்ளையர்கள்.

ஆனாலும் உங்கள் நண்பர் அப்படி நினைத்ததில் ஆச்சரியமே இல்லை. பல்லவியின் பெரும்பகுதி ஐந்தே சுரங்களில், நம் மோகனத்தின் சுரங்களில் நடக்கிறது. அடிக்குரலில் தொடங்கி, அவசரமே இல்லாமல் ஏறி, உச்சத்தில் போய் முடிகிறது. உடம்பெல்லாம் வலிக்க வேலை செய்வதையும், படகை இழு, பொதியைத் தூக்கு என்ற அதட்டலையும் சொல்லும் நடுப்பகுதியில் மட்டும் மெட்டு சட்டென்று சோகமாகிறது. அந்த இடத்தைத் தனியாக ஒருமுறை கேளுங்கள்.

நாடகத்தில் இதைப் பாடுபவன் ஜோ, மிசிசிப்பி ஆற்றங்கரையில் சுமை தூக்கும் கறுப்பினத் தொழிலாளி. ராப்சன் குரலை மனதில் வைத்தே கெர்ன் மெட்டமைத்தார். நாடகம் தள்ளிப்போனதால் பிராட்வேயில், அதாவது நியூயார்க்கின் நாடக அரங்குகளில், முதலில் பாடியவர் ஜூல்ஸ் பிளெட்சோ. ராப்சன் 1928இல் லண்டனிலும், 1932இல் பிராட்வேயிலும், 1936இல் திரைப்படத்திலும் பாடினார்.

இனி வரிகளுக்கு வருகிறேன். 1927இல் அந்தப் பாட்டில் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் வசைச்சொல் இருந்தது. பின்னால் வந்த தயாரிப்புகள் அதைப் படிப்படியாக மாற்றின. ராப்சன் இன்னும் ஆழமாகக் கை வைத்தார். 'வாழ்ந்து அலுத்துவிட்டது, சாகவும் பயம்' என்ற பொருளில் இருந்த வரியை, 1930களின் பிற்பகுதியிலிருந்து தன் கச்சேரிகளில் 'சாகும்வரை போராடியாக வேண்டும்' என்று பாடினார். கொஞ்சம் குடித்தால் ஜெயில் என்று ஹாமர்ஸ்டீன் எழுதியதை, கொஞ்சம் துணிச்சல் காட்டினால் ஜெயில் என்று மாற்றினார். குடிகாரத் தொழிலாளி போய், எதிர்த்து நிற்பவன் வந்துவிட்டான். மெட்டு அதேதான்.

அந்தத் துணிச்சலுக்கு ராப்சனே விலை கொடுத்தார். அவருடைய அரசியலுக்காக அமெரிக்க அரசு 1950இல் பாஸ்போர்ட்டைப் பறித்தது. 1958இல்தான் திரும்பக் கிடைத்தது. 1960 நவம்பரில் சிட்னியில், பாதி கட்டப்பட்டிருந்த ஓபரா ஹவுஸில் கட்டுமானத் தொழிலாளர்கள் நடுவே நின்று பாடினார்.

மூலம் எது என்றால் ஹாமர்ஸ்டீன் எழுதியதுதான். உழைத்துத் தேயும் கறுப்பின மனிதனின் வலியை 1927இல் பிராட்வே மேடையின் நடுவில் நிறுத்தியது சின்ன விஷயம் இல்லை. ஆனால் யாருடைய வலியோ அவர்களில் ஒருவர் அதைத் திருத்திப் பாடும்போது, நான் திருத்தியவர் பக்கம்தான்.

முதலில் 1936 படத்தில் வருவதைக் கேளுங்கள், பிறகு கச்சேரிப் பதிவுகளை. அது முடிந்ததும் அசாமியப் பாடகர் பூபேன் ஹசாரிகாவின் 'பிஸ்தீர்ண பாரரே' கேளுங்கள். அவர் நியூயார்க்கில் படித்தபோது ராப்சனோடு பழகியவர். மிசிசிப்பி எதையும் கண்டுகொள்ளாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது என்பதோடு அமெரிக்கப் பாட்டு நின்றுவிடுகிறது. ஹசாரிகா பிரம்மபுத்திராவை நிறுத்தி, இத்தனை துயரத்தையும் பார்த்துக்கொண்டு ஏன் ஓடுகிறாய் என்று கேட்கிறார்.