மருந்தாளர் பதில்கள்: வாசனை எண்ணெயும் பதகளிப்பும்

இம்முறை வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் வாசனை எண்ணெய்தான். வெளிநாட்டு உறவினர் அனுப்பும் பெட்டிகளில் சொக்கலேட்டுக்குப் பக்கத்தில் இப்போது லாவண்டர் போத்தலும் வருகிறது போலும். அரச வைத்தியசாலையின் மருந்து யன்னலுக்குப் பின்னால் நின்று ஓய்வுபெற்றவள் நான். மணக்கிற எதையும் மருந்து என்று ஒப்புக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை; மணம் வெறும் சோடனை என்று தள்ளிவிடவும் மாட்டேன். கேள்விகளைச் சுருக்கித் தருகிறேன்.

உவர்மலையிலிருந்து ஓர் ஆசிரியை: இரவில் படுத்ததும் நெஞ்சு படபடக்கிறது. பாடக்குறிப்பு, மகனின் உயர்தரப் பரீட்சை, வங்கிக் கடன் எல்லாம் அந்நேரம்தான் நினைவுக்கு வருகின்றன. கனடாவில் இருக்கும் அக்கா லாவண்டர் எண்ணெய் அனுப்பியிருக்கிறார். அது உண்மையில் வேலை செய்யுமா, அல்லது நம்பிக்கை மட்டும்தானா?

தங்கச்சி, இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

லாவண்டர் பூவை நீராவியில் வடித்தெடுக்கும் எண்ணெயில் லினலூல், லினலைல் அசிட்டேட் என்ற இரண்டு பொருட்கள்தான் பெரும் பங்கு. அவை ஆவியாகி மூக்கின் மேற்கூரையில் இருக்கும் நரம்புக் கலங்களைத் தொடுகின்றன. நாம் பார்ப்பதும் கேட்பதும், மட்டக்களப்பிலிருந்து ரயிலில் வருபவர் கல்லோயாச் சந்தியில் இறங்கி மாறி ஏறுவதுபோல, தலமஸ் என்ற இடத்தில் மாறித்தான் மூளையின் மேற்பகுதிக்குப் போகும். மணத்துக்கு அந்தத் தாமதம் இல்லை. அச்சத்தைக் கையாளும் அமிக்டலாவுக்கும் நினைவைக் கையாளும் ஹிப்போகாம்பஸுக்கும் அது நேராகப் போய்விடும். ஒரு மணம் என்னவென்று பெயர் சொல்ல முந்தியே மனம் மாறிவிடுவது இதனால்தான்.

சத்திரசிகிச்சைக்குக் காத்திருப்பவர்கள், பல் வைத்தியரின் கதிரையில் அமர்ந்திருப்பவர்கள் போன்றோருக்கு லாவண்டரை முகரக் கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். பதட்டம் ஓரளவு குறைந்ததாகவே பல முடிவுகள் சொல்கின்றன. ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சிறியவை. அதோடு ஒரு தீராத சிக்கல்: மாவுக் குளிசையைக் கொடுத்து நோயாளியை நம்பவைக்கலாம், லாவண்டரை முகர்ந்தவரிடம் அது லாவண்டர் இல்லை என்று சொல்ல முடியாது. ஜெர்மனியில் 80 மில்லிகிராம் லாவண்டர் எண்ணெயைக் கூட்டுக் குளிசையாக (கப்சியூல்) செய்து, லொராசெப்பாம் என்ற பதகளிப்பு மருந்தின் குறைந்த அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், குளிசை தாக்குப்பிடித்தது. அது விழுங்குவதற்கென்றே தரம் பார்த்துச் செய்த மருந்து, சோதனைக்குப் பணம் கொடுத்ததும் பெரும்பாலும் அதைத் தயாரித்த நிறுவனமே. உங்கள் கையில் இருக்கும் போத்தல் வேறு சரக்கு.

செய்யக்கூடியதைச் சொல்கிறேன். ஒரு லேஞ்சியில் ஒரே ஒரு துளி விடுங்கள். படுக்குமுன் கதிரையில் நிமிர்ந்து அமர்ந்து, நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு தணிகிறது. அதற்கு எண்ணெயே தேவையில்லை. பிறகு எண்ணெய் எதற்கு என்று கேட்பீர்கள். ஒவ்வோர் இரவும் அதே நேரம், அதே மணம், அதே மூச்சு என்று பழக்கினால், சில வாரங்களில் மணம் வந்ததுமே உடல் தானாக இறங்கத் தொடங்கும். ஆகவே விடைத்தாள் திருத்தும் மேசையில் அந்த லேஞ்சியை வைக்காதீர்கள். அப்புறம் லாவண்டருக்கும் கணக்குப் பாடத்துக்கும்தான் உறவு உண்டாகும்.

இன்னொன்றும் உண்டு. இரவு ஒன்பது மணிக்குப் பிளேன்டீ குடிக்கிறீர்களா? நம் ஊரில் இதைக் கேட்டால் எல்லோருக்கும் கோபம் வருகிறது. தைரொயிட் சுரப்பி கூடுதலாகச் சுரந்தாலும், இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தாலும் நெஞ்சு படபடக்கும். ஒரு முறை இரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டு மனதைக் குற்றஞ்சாட்டுங்கள்.

உப்புவெளி விடுதி ஒன்றில் வேலை செய்யும் இளைஞர்: வெளிநாட்டு விருந்தினர் ஒருவர் தேநீரில் இரண்டு துளி பெர்கமொட் (தேசிக்காய் இனப் பழம் ஒன்று) எண்ணெய் விட்டுக் குடித்தால் மன அழுத்தம் குறையும் என்றார். மிச்சப் போத்தலை எனக்கே தந்துவிட்டுப் போனார். குடிக்கலாமா?

வேண்டாம், தம்பி. எண்ணெய் தண்ணீரில் கரையாது. மேலே மிதந்து, செறிவு குறையாமல் அப்படியே வாயையும் தொண்டையையும் எரிக்கும். பெர்கமொட் மணம் கலந்த தேயிலை கடையில் கிடைக்கிறது, அதைக் குடியுங்கள். அந்தப் போத்தலை உடம்பில் பூசிக்கொண்டு கடற்கரைக்குப் போகவும் வேண்டாம். பிழிந்தெடுத்த பெர்கமொட் எண்ணெயில் பெர்காப்டென் என்றொரு பொருள் உண்டு. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தீக்காயம்போலக் கொப்புளித்து, கறுத்த தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். தேசிக்காய்த் தோலைப் பிழிந்து எடுத்த எண்ணெயும் அப்படியே. உப்புவெளி வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நிலாவெளியிலிருந்து ஒரு மகள்: 2004 சுனாமியில் என் தம்பியை இழந்தோம். மார்கழி வந்தால் அம்மாவுக்கு நித்திரை இல்லை. யூக்கலிப்டஸ் கலந்த ‘மன அமைதி’ எண்ணெயும், அதை ஆவியாக்கி அறையில் பரப்பும் டிஃபியூசரும் வாங்கி அவருடைய அறையில் வைத்தேன். சிறிது நேரத்தில் அம்மா மூச்சு முட்டி, அழுதுகொண்டு முற்றத்துக்கு ஓடிவிட்டார். எண்ணெய் கலப்படமா?

எண்ணெய் சுத்தமானதாகவே இருக்கலாம், பிள்ளை. மேலே ஆசிரியைக்குச் சொன்ன அந்த நேர்வழி இரண்டு பக்கமும் வேலை செய்யும். அமைதியான நேரத்தில் பழகிய மணம் அமைதியைக் கூட்டிவரும். பயங்கரமான நேரத்தில் மூக்கில் ஏறிய மணம் அந்தப் பயங்கரத்தையே கூட்டிவரும். மூளை தேதி பார்ப்பதில்லை.

அந்த வாரம் நான் வேலை செய்த இடத்தில் கிருமிநாசினி மணமும் கடற்சேற்று மணமும் கலந்து கிடந்தன. பாடசாலைகளில் தங்கவைக்கப்பட்டவர்களுக்குச் சளி, தலையிடி, உடம்பு நோவு என்று எல்லாவற்றுக்கும் தைலம்தான் தேய்த்தார்கள். இன்றைக்கும் பினாயில் போத்தலைத் திறந்தால் என் தோள்கள் தாமாக இறுகும். பல தைலங்களில் யூக்கலிப்டஸ் சேர்வதுண்டு. உங்கள் அம்மா அந்த நாட்களில் எங்கே தங்கியிருந்தார், யார் அவருக்கு என்ன தேய்த்துவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. நல்ல பொழுதொன்றில், பகலில், அவரிடமே மெல்லக் கேளுங்கள். சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

டிஃபியூசரை அவருடைய அறையிலிருந்து எடுத்துவிடுங்கள். அதன் குறை என்னவென்றால், மணம் அறை முழுதும் நிறைந்துவிடும். பிடிக்காதவர் எழுந்து ஓடுவதைத் தவிர வழி இல்லை. இப்படிப்பட்டவர்களுக்கு மணம் அவர்களுடைய கையில் இருக்க வேண்டும், வேண்டாமென்றால் உடனே தூர வைக்கக்கூடியதாக. எந்த மணம் என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும். அது போத்தலில் வந்ததாக இருக்க வேண்டியதில்லை. மல்லிகையாக இருக்கலாம், வறுத்து இடித்த கோப்பித்தூளாக இருக்கலாம், அவருடைய அம்மம்மாவின் பெட்டியில் மணத்த ஏதாவதாகவும் இருக்கலாம். முயன்று பார்ப்பதைப் பங்குனியிலோ சித்திரையிலோ தொடங்குங்கள், மார்கழி 26 நெருங்கும்போது அல்ல.

மீண்டும் அப்படி மூச்சு முட்டினால் ஜன்னலைத் திறந்து, வெறுங்காலைத் தரையில் ஊன்றி இருத்தி, கண்ணில் படும் பொருட்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லுங்கள்: கதிரை, குடம், வேலி, முருங்கை. இது நடப்பது இன்றைக்குத்தான் என்று உடலுக்குத் தெரிய வேண்டும். இத்தனை ஆண்டுகளாக நித்திரை போகிறதென்றால், நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடுவாக இருக்கலாம். அதற்குப் பயனுள்ள உளவளத்துணையும் மருந்தும் உண்டு. அரச வைத்தியசாலையின் மனநல கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். வீட்டிலிருந்தே பேச வேண்டுமென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் இரவு பகலாக இயங்குகிறது. எண்ணெய் இதில் கடைசி வரிசை.

கிண்ணியாவிலிருந்து ஒரு சகோதரி: கணவர் கடலுக்குப் போகும் இரவுகளில் எனக்கு நெஞ்சு பாரமாக இருக்கும். அவருடைய அத்தரைத் துப்பட்டாவில் சிறிது தடவிக்கொண்டு படுத்தால் ஆறுதல். இது சிகிச்சை ஆகாது, லாவண்டர்தான் சரி என்கிறார் என் மச்சி. உண்மையா?

மச்சிக்கு என் சலாத்தைச் சொல்லுங்கள். லாவண்டர் வளரும் ஊரில் பிறந்தவருக்கு லாவண்டர் ஆறுதல். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் புறப்படும் கணவரின் சட்டையில் மணத்த அத்தர் உங்களுக்கு ஆறுதல். லினலூலுக்குத் தனியாக ஏதோ வலு இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் நினைவில் ஏற்கெனவே வேரோடிய ஒரு மணத்தை விட்டுவிட்டு, புதிதாகக் காசு கொடுத்து இன்னொன்றைப் பழக்க வேண்டிய அவசியம் என்ன?

ஒரேயொரு எச்சரிக்கை. பழைய முறையில் பூவின் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி அத்தர் வடிப்பார்கள். இன்று மலிவாகக் கிடைப்பவற்றில் பல, செயற்கை மணத்தைக் கனிம எண்ணெயில் கலந்தவை. அதனால் இப்போது செய்வதுபோலத் துணியிலேயே தடவுங்கள். கழுத்திலும் மணிக்கட்டிலும் அரிப்பு வந்தால் தோலில் பூசுவதை நிறுத்துங்கள். டிஃபியூசரில் ஊற்றாதீர்கள், பிசுபிசுத்து அடைத்துக்கொள்ளும்.

தம்பலகாமத்திலிருந்து ஒரு வாசகர்: இந்த எண்ணெய்களின் விலை எங்களுக்குக் கட்டாது. உள்ளூரில் மாற்று உண்டா? கறுவா எண்ணெய் மலிவாகக் கிடைக்கிறது.

கறுவா எண்ணெயை இந்தத் தேவைக்கு நினைக்கவே வேண்டாம். இலையில் எடுத்தது யூஜெனோல் நிறைந்தது, பட்டையில் எடுத்தது சின்னமல்டிஹைட் நிறைந்தது; இரண்டும் தோலைச் சுடும். அது ஆளைத் தட்டி எழுப்பும் மணம், தூங்கவைப்பது அல்ல.

என் தெரிவு வெட்டிவேர். நாட்டு மருந்துக் கடையில் ஒரு கட்டு வாங்கி, கழுவி, குடிதண்ணீர்ப் பானையில் போடுங்கள். இன்னொரு கட்டை நனைத்து ஜன்னலில் தொங்கவிடுங்கள். கச்சான் காற்று அடித்து, வீடு முழுதும் காய்ந்து, எல்லோரும் எல்லோர்மீதும் எரிந்து விழும் அந்த மாதங்களில் இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. காற்று குளிர்வதாலா, மணத்தாலா என்று பிரித்துச் சொல்ல வேண்டிய தேவையும் உங்களுக்கு இல்லை.

போத்தல்தான் வேண்டுமென்றால் வாங்குமுன் சிட்டையைப் படியுங்கள். தாவரத்தின் இலத்தீன் பெயர் இல்லாமல் ‘வாசனை எண்ணெய்’ என்று மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் செயற்கை மணம். ஒரு துளியை வெள்ளைத் தாளில் விட்டு மறுநாள் பாருங்கள். லாவண்டர் சுத்தமானதாக இருந்தால் ஆவியாகிப் போயிருக்கும், எண்ணெய்க் கறை நின்றால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது. வெட்டிவேர், சந்தனம் போன்ற கனத்த எண்ணெய்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. ரோஜா எண்ணெய் மலிவாகக் கிடைத்தால் சந்தேகமே வேண்டாம்: ஒரு கிலோ எண்ணெய்க்கு இதழ்கள் டன் கணக்கில் வேண்டும்.

தோலில் பூசுவதானால் 30 மில்லிலீட்டர் தேங்காய் எண்ணெய்க்கு ஆறு துளி. முதலில் முழங்கையின் உட்பக்கத்தில் பூசி ஒரு நாள் பாருங்கள். போத்தலை வெயில் படாத, குளிர்ந்த இடத்தில் இறுக மூடி வையுங்கள். காற்றுப் பட்டுப் பழசான லாவண்டர்தான் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும்.

மூதூரிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்: பல வருடங்களாக இரவில் டயசெப்பாம் எடுக்கிறேன். எண்ணெய் தொடங்கியபின் நித்திரை நன்றாக வருகிறது. குளிசையை நாளையிலிருந்து நிறுத்திவிடலாமா?

நிறுத்தக்கூடாது ஐயா. நெடுங்காலம் எடுத்த டயசெப்பாமைத் திடீரென்று விட்டால் நடுக்கம், கடும் பதகளிப்பு, சிலருக்கு வலிப்புக்கூட வரும். வைத்தியர் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், படிப்படியாகக் குறைத்துத்தான் விடுவிக்க வேண்டும். நித்திரை திரும்பியிருப்பது நல்ல செய்தி. அதை அடுத்த கிளினிக்கில் அவரிடம் சொல்லுங்கள், குறைப்பதற்கு அதுவே சரியான தருணமாக இருக்கலாம்.

நகரிலிருந்து ஓர் இளந்தாய்: பிள்ளை பெற்றபின் எனக்கு ஒரே பதட்டம். மூன்று மாதக் குழந்தை இருக்கும் அறையில் எண்ணெய் பயன்படுத்தலாமா? வீட்டில் பூனையும் உண்டு.

குழந்தை தூங்கும் அறையில் வேண்டாம். நீங்கள் வேறு அறையில், லேஞ்சியில் ஒரு துளி முகரலாம். யூக்கலிப்டஸ் தைலம், கற்பூரம் கலந்த எண்ணெய் ஆகியவற்றைக் குழந்தையின் மூக்கருகிலோ நெஞ்சிலோ தடவச் சொல்லும் பெரியவர்களுக்கு மரியாதையோடு மறுப்புச் சொல்லுங்கள். அவற்றில் சிறிதளவு வயிற்றுக்குள் போனாலே குழந்தைகளுக்கு வலிப்பு வரலாம். தவழும் வயது வந்ததும் எல்லாப் போத்தல்களும், சுவாமி அறைக் கற்பூரமும், பூட்டிய அலுமாரிக்குள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்காமல் 1990 அம்புலன்ஸை அழைத்து, போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள்.

உங்கள் பதட்டத்தைக் குடும்பநல மருத்துவ மாதுவிடம் இந்த வாரமே சொல்லுங்கள். பிள்ளைப்பேற்றுக்குப் பின் பல தாய்மாருக்கு வருவதுதான். அவருக்கு இது புதிதல்ல.

பூனைக்கு வருவோம். அதன் ஈரலால் இந்த எண்ணெய்களின் சில கூறுகளைச் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது, மேலே பட்டதையும் நக்கிவிடும். கறுவா, கராம்பு, தேயிலைமர (டீ ட்ரீ) எண்ணெய்கள் அந்த வீட்டுக்கு ஆகாது. நீங்கள் லாவண்டர் முகரும்போது கதவைத் திறந்து வையுங்கள். பிடிக்காவிட்டால் அதுவாகவே எழுந்து போய்விடும்.