கிராண்டில் பெயர் இருந்தால் போதுமா?

கேள்வி: ஆசிரியர் ஐயா, எங்கள் வீடு கல்யாணத்துக்குப் பிறகு நான் வாங்கியது. கிராண்டில் (வீட்டு உரிமைப் பத்திரத்தில்) என் பெயர் மட்டும்தான். 22 ஆண்டுகள் பேங்க் லோன் கட்டியதும் நான்தான். மனைவி வேலைக்கே போனதில்லை. வீட்டையும், படுத்த படுக்கையாகக் கிடந்த என் அம்மாவையும் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான். முன்பணத்துக்கு அவர் நகையை அடகு வைத்தேன், பிறகு மீட்டுக் கொடுத்துவிட்டேன். இப்போது விவாகரத்து மனு போட்டு, வீட்டில் பாதி கேட்கிறார். தீர்ப்பு வருவதற்குள் தம்பி பெயருக்கு மாற்றிவிடு என்கிறார்கள் நண்பர்கள். செய்யலாமா?
— வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: செய்யாதீர்கள். வழக்கு நடக்கும்போது மனைவியின் உரிமையைப் பறிக்கும் நோக்கத்தோடு சொத்தைக் கைமாற்றினால், அதை ரத்து செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டத்தில் 102ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். மாற்றப் போகிறீர்கள் என்று தெரிந்தாலே தடையுத்தரவு வாங்கலாம். உங்கள் தம்பியும் கோர்ட் படி ஏற வேண்டி வரும். அப்புறம், நீங்கள் சொல்லும் எதையும் நீதிபதி எப்படி நம்புவார்?

அடுத்து, அந்த 'அவ்வளவுதான்'. எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான். படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். ராத்திரியும் அதே கணக்குத்தான். ஈரத் துணியை மாற்றி, கஞ்சியை ஸ்பூனில் ஊட்டி, வாயைத் துடைத்துவிட வேண்டும். நீங்கள் லீவு போடாமல் வேலைக்குப் போய் லோன் கட்ட முடிந்தது, வீட்டில் ஒருவர் இதையெல்லாம் செய்ததால்தான். சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தால் மாதத் தவணையை எதிலிருந்து கட்டியிருப்பீர்கள்?

சட்டமும் இதைக் கணக்கில் எடுக்கிறது. முன்பு 76ஆவது பிரிவு, ஒருவருடைய தனி உழைப்பில் வாங்கிய சொத்தில் அவருக்கே கூடுதல் பங்கு என்றது. நண்பர்கள் அந்தக் காலத்துப் பேச்சைத்தான் பேசுகிறார்கள். 15.12.2018 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்தப் பாகுபாட்டை எடுத்துவிட்டது. யார் எவ்வளவு பணமும் உழைப்பும் போட்டார்கள், வீட்டையும் குடும்பத்தையும் யார் பார்த்துக்கொண்டார்கள், கல்யாணம் எத்தனை ஆண்டு நீடித்தது, கடன், சின்னப் பிள்ளைகளின் தேவை எல்லாவற்றையும் பார்த்து, சமமாகப் பிரிக்கும் பக்கம் சாய வேண்டும் என்கிறது சட்டம். கட்டாயம் சரிபாதி என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் விஷயத்தில் அவர் கேட்பது நியாயமான கோரிக்கை என்பது என் கருத்து. நகையை மீட்டுக் கொடுத்தது சரி, ஆனால் முன்பணம் கட்ட வேண்டிய நேரத்தில் கைகொடுத்தது அந்த நகைதானே?

கல்யாணத்துக்கு முன்பே உங்களுக்கு இருந்த சொத்து வேறு கணக்கு. அதையும்கூட அவரோ இருவரும் சேர்ந்தோ கணிசமாக மேம்படுத்தியிருந்தால் பங்கீட்டுக்குள் வரும். (முஸ்லிம்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, அவர்கள் ஷரியா நீதிமன்றம் போக வேண்டும்.)

லோன் ரசீதுகளை எடுத்துக்கொண்டு உங்கள் வக்கீலைப் பாருங்கள். அம்மாவை மனைவி பார்த்துக்கொண்டதையும், நகை விஷயத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டை விற்றுப் பிரிப்பதா, அவர் பங்குக்கு நீங்கள் பணம் கொடுத்துவிட்டு வீட்டை வைத்துக்கொள்வதா என்று இரு தரப்பு வக்கீல்களும் பேசி முடிக்கலாம். அதை நீதிபதி முன் பதிவு செய்துவிட்டால், அம்மாவின் படுக்கையைப் பற்றி உங்கள் மனைவி சாட்சிக் கூண்டில் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை வராது.