முடிவில் அவன் ஏன் சாக வேண்டும்?

வணக்கம்.

உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன். அவ்வப்போது சிறுகதை எழுதுவேன். இப்போது எழுதியிருக்கும் கதையின் நாயகன் உயர்நிலை மூன்றில் படிக்கும் பையன். வகுப்புத் தோழன் ஒருவனை விரும்புகிறான். அவனுக்கு அனுப்பிய செய்தி ஸ்கிரீன்ஷாட்டாகப் பள்ளி முழுக்கப் பரவுகிறது. 'போலிஸ் பிடித்துக்கொண்டு போகும்' என்று அப்பா மிரட்டுகிறார். பையன் உயிரை மாய்த்துக்கொள்கிறான். அவன் நாட்குறிப்பைப் படித்த அம்மா மனம் மாறுகிறார்.

படித்த நண்பர்கள் கண்ணீர் வந்துவிட்டது என்றார்கள். ஒருவர் மட்டும், 'உங்கள் வகுப்பிலேயே அப்படி ஒரு பையன் இருந்து இதைப் படித்தால் என்ன நினைப்பான்?' என்று கேட்டார். என்னிடம் பதிலில்லை. உண்மையிலேயே என் வகுப்பில் ஒரு மாணவனைச் சிலர் இப்படிச் சீண்டுகிறார்கள் என்று தோன்றுகிறது. கதையை எப்படித் திருத்துவது? அந்த மாணவனுக்கு என்ன செய்வது?

க., ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள க.,

மாணவனிலிருந்து தொடங்குகிறேன். கதையை இரண்டு மாதம் கழித்தும் திருத்தலாம். அவனுக்கு நாளைக்கும் பள்ளி உண்டு.

அவனிடம் போய் 'நீ தன்பாலீர்ப்பாளனா?' என்று கேட்காதீர்கள். சீண்டுகிறவர்களுக்கே அது தெரியாது. நடையையும் குரலையும் வைத்து ஊகித்திருப்பார்கள், ஊகம் தவறாகவும் இருக்கலாம். நீங்கள் நிறுத்த வேண்டியது சீண்டலை. அதற்கு அவன் யாரை விரும்புகிறான் என்று உங்களுக்குத் தெரிய வேண்டியதே இல்லை. நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள்: "செவ்வாய்க்கிழமை பாடம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அவங்க உன்னைக் கூப்பிட்ட விதம் எனக்குப் பிடிக்கல. ரொம்ப நாளா நடக்குதா?" அதற்குமேல் சொல்வதும் சொல்லாததும் அவன் விருப்பம்.

அவனாகவே மனம் திறந்தால் மூன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: வேறு யாருக்குத் தெரியும், வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும், உங்களிடம் என்ன எதிர்பார்க்கிறான். 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றாலோ, 16 வயது நிரம்பாதவர் பாலியல் உறவில் சம்பந்தப்பட்டிருந்தாலோ, நீங்களோ பள்ளி ஆலோசகரோ அதை உங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ள முடியாது. அந்த எல்லையை அவன் பேசத் தொடங்கும்போதே சொல்லிவிட வேண்டும். கேட்டு முடித்த பிறகு சொன்னால் ஏமாற்றிவிட்டீர்கள் என்று நினைப்பான், இன்னொரு பெரியவரிடம் போகவே மாட்டான்.

நல்ல ஆசிரியர்கள் சறுக்கும் இடம் அடுத்தது. பகடிவதைப் புகார் என்றதும் பெற்றோரை அழைப்பது வழக்கம். அறிக்கையில் 'அவன் ஆண்களை விரும்புவதால் கேலி செய்தனர்' என்று ஒரு வரி இருந்தால், அன்று மாலையே அது அவன் வீட்டுக் கூடத்துக்குப் போய்விடும். காப்பாற்றப் போன கையே அவனைக் காட்டிக் கொடுத்ததாகிவிடும். தேதி, நேரம், இடம், யார் செய்தது, என்ன சொன்னார்கள், யார் பார்த்தார்கள், இவ்வளவும் அறிக்கையில் இருக்கட்டும். அவனைப் பற்றிய ஊகம் எதுவும் வேண்டாம். வசைச்சொல்லை அறிக்கையில் அப்படியே பதிவு செய்யுங்கள், தொலைபேசியில் அம்மாவிடம் அதை வாசித்துக் காட்டத் தேவையில்லை. 'சில மாணவர்கள் தொடர்ந்து தொல்லை கொடுக்கிறார்கள், பள்ளி நடவடிக்கை எடுக்கிறது' என்றால் அதில் பொய் ஏதுமில்லை. பெற்றோரிடம் யார் பேசுவது, எந்தச் சொற்களில் பேசுவது என்பதை அழைப்புக்கு முன்பே ஒழுங்குமுறை ஆசிரியரோடும் அந்தப் பையனோடும் முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஸ்கிரீன்ஷாட் இருந்தால் அனுப்பியவர் பெயர், குழுவின் பெயர், நேரம் மூன்றும் தெரியும்படி அவன் கைப்பேசியிலேயே இருக்கட்டும். நிர்வாணப் படம் ஏதும் கலந்திருந்தால், ஆதாரம் என்று நினைத்துக்கூட உங்கள் கைப்பேசிக்கு மாற்றிக்கொள்ளாதீர்கள். 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் அத்தகைய படத்தை வைத்திருப்பதும் அனுப்புவதும் குற்றம். பள்ளி முதல்வரிடம் சொல்லி போலிசிடம் விட்டுவிடுங்கள்.

தமிழ் மாணவனுக்குக் கூடுதலாக ஒரு நெருக்கடி உண்டு. வெளியாட்கள் கவனிக்கத் தவறுவது அதைத்தான். பல பள்ளிகளில் ஒரு நிலைக்கு ஒரே ஒரு தமிழ் வகுப்பு. மற்ற பாடங்களில் வேறு வேறு வகுப்பில் இருப்பவர்களும் தாய்மொழிப் பாடவேளையில் ஓர் அறைக்குள் வந்துவிடுவார்கள், நான்கு ஆண்டுக்கும் அதே முகங்கள். அவர்களின் அம்மாக்கள் துணைப்பாட வகுப்பு வாசலிலும் கோயிலிலும் தேக்காவிலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்பவர்கள். சீன மாணவனைப் பற்றிய வதந்தி பள்ளியோடு நின்றுவிடலாம். தமிழ் மாணவனைப் பற்றியது அத்தை வீடு வரைக்கும் போகும். 'வேறு வகுப்புக்கு மாற்றிவிடுவோம்' என்ற வழக்கமான தீர்வும் அங்கே கிடையாது, மாற்ற இன்னொரு தமிழ் வகுப்பு இல்லை. ஆகவே இடம் மாற வேண்டியவர்கள் சீண்டுகிறவர்கள். அவனை முன்வரிசைக்கு நகர்த்தினால் தண்டனை அவனுக்கு என்றே வகுப்பு புரிந்துகொள்ளும். குழுப்பணிக்கு ஆள் பிரிப்பதை மாணவர்களிடம் விடாமல் நீங்களே பிரியுங்கள். முகாமில் யார் யாரோடு கூடாரத்தில் தங்குவது என்ற பட்டியல் வரும்போது பொறுப்பாசிரியரிடம் முன்னதாகவே பேசுங்கள். 'பசங்க சங்கடப்படுறாங்க' என்று அவனை மட்டும் தனியே போடுவதும், இணைப்பாட நடவடிக்கையில் தலைமைப் பொறுப்பைக் காரணம் சொல்லாமல் வேறொருவருக்குக் கொடுப்பதும் எந்தப் பதிவேட்டிலும் ஏறாத பாகுபாடுகள்.

சட்டம் இங்கே கொஞ்ச தூரம்தான் துணை வரும். பாலீர்ப்பின் பெயரால் மாணவரிடம் பாகுபாடு காட்டக்கூடாது என்று வெளிப்படையாகச் சொல்லும் சட்டம் சிங்கப்பூரில் இல்லை. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம், எவற்றின் பெயரால் பாகுபாடு கூடாது என்று தரும் பட்டியலிலும் அது இடம்பெறவில்லை. 2014ஆம் ஆண்டின் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் எல்லாருக்கும் பொது. அதற்கென்றே தனி நீதிமன்றம் 2021 ஜூன் முதல் இயங்குகிறது. ஆனால் வயது குறைந்தவருக்காகப் பெரியவர் ஒருவர் முன்னால் நிற்க வேண்டும், அவனுக்குப் பெரும்பாலும் இல்லாதது அதுவே.

ஆலோசகரிடம் அனுப்புமுன் நீங்களே ஒரு முறை அவரிடம் பேசிப் பாருங்கள். 2022 ஜூலையில் இங்குள்ள பள்ளி ஒன்றில் ஆலோசகர் ஒருவர் தன்பாலீர்ப்பாளர்களை இழிவாகக் காட்டும் விளக்கக்காட்சியை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டியதும், ஆலோசனைப் பணியிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டதும் செய்தியாயிற்று. பெரும்பாலான ஆலோசகர்கள் அப்படி இல்லை. இருந்தாலும் 'இதை மாற்ற முயல்வீர்களா?' என்று நேராகவே கேளுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 1990இலேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஊகச்சாகா என்ற ஆலோசனை அமைப்பு 1999 முதல் இவர்களுக்காகவே இங்கு இயங்கிவருகிறது. சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் சுற்றி வளைக்காமல் 'தற்கொலை பற்றி யோசிக்கிறாயா?' என்றே கேளுங்கள். அப்படிக் கேட்பதால் எண்ணம் முளைத்துவிடாது. அவனைத் தனியே விடாமல் ஆலோசகரிடம் கூட்டிப் போங்கள். தற்கொலைத் தடுப்பு உதவிக்கான 1767 என்ற எண் இருபத்துநான்கு மணி நேரமும் எடுக்கப்படும், மனநல உதவிக்கான 1771ம் அப்படியே. ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் ஆலோசகர் அறை பூட்டிக் கிடக்கும். நவம்பருக்கு முன்பே இந்த எண்கள் அவனிடம் இருக்க வேண்டும்.

இனி கதை.

அப்பாவின் மிரட்டலைப் பார்ப்போம். கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்று நீங்கள் தீர்மானிக்கவில்லை, அதனால் அந்த வசனம் அந்தரத்தில் தொங்குகிறது. ஆண்களுக்கு இடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவு 1938இல் வந்தது, உச்சத் தண்டனை இரண்டு ஆண்டுச் சிறை. அதை நீக்கும் மசோதா 2022 நவம்பர் 29இல் நிறைவேறி, 2023 ஜனவரி 3இல் நடப்புக்கு வந்தது. 2019இல் நடக்கும் கதையில் அப்பா அப்படி மிரட்டலாம். அப்போதும் சட்டம் செயலைத்தான் குற்றமாக்கியது, விருப்பத்தை அல்ல, பெண்களுக்கு அது பொருந்தவும் இல்லை. 2024இல் நடந்தால் அப்பாவின் மிரட்டல் பொய். அந்தப் பொய் பையனுக்குத் தெரியுமா தெரியாதா என்பது நல்ல நாடகம், இதை விட்டுவிடாதீர்கள். நீக்கிய அதே நாளில் திருமணம் பற்றிய சட்டங்களுக்குப் பாதுகாப்பாக அரசியலமைப்பில் 156ஆவது விதியையும் சேர்த்தார்கள். குற்றம் போயிற்று, திருமணம் வரவில்லை. உங்கள் பையன் வளரப்போகும் நாடு இது.

மரணத்துக்கு வருகிறேன். உங்கள் நண்பரின் கேள்வியும் அதுதான். உங்கள் கதையில் மரணம் வேலை செய்கிறது. உயிரோடு இருந்து அவன் பேசியபோது மாறாத அம்மா, செத்த பிறகு மாறுகிறார். பதினைந்து வயதில், இதே நிலையில் இருந்து படிப்பவனுக்குக் கதை சொல்லும் செய்தி, இப்படிச் செய்தால் அவர்களுக்குப் புரியும் என்பது. நீங்கள் ஒருநாளும் சொல்ல நினைத்திராத செய்தி இது என்று எனக்குத் தெரியும். நம் கதைகளில் இத்தகைய பாத்திரங்கள் திரும்பத் திரும்பச் சாகிறார்கள். வாழ்ந்தால் என்ன ஆவார்கள் என்று எழுதுகிறவர் யோசிக்காததே பெரும்பாலும் காரணம். மரணத்தைக் கட்டாயம் வைத்தே ஆக வேண்டுமென்றால் முறை, இடம், இறுதிக் கடிதம் எதையும் விவரிக்காதீர்கள், அதனால் யாரும் திருந்துவதாகவும் காட்டாதீர்கள். ஆனால் என் கருத்து: எடுத்துவிடுங்கள்.

எடுத்த இடத்தில் எதை வைப்பது? அவன் பிழைத்தால் எங்கே இருப்பான் என்பதை வைக்கலாம். திருமணமாகாத சிங்கப்பூரர் தனியாக வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்க 35 வயதாக வேண்டும். அறை வாடகை கட்ட முடியாவிட்டால் அதுவரை அதே நாலறை வீடு, கூடத்தில் அதே சாமி மேடை, அம்மாவோடு அதே குளியலறை. பதினெட்டில் தேசிய சேவை, அங்கே படுக்கைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு தீபாவளிக்கும் 'உனக்கு எப்போ?' என்று கேட்கும் பெரியம்மா. இருபது ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் வாழும் அம்மாவும் மகனும்! ஒரே இரவில் நாட்குறிப்பு படித்து மாறும் தாயைவிட இந்த அம்மா நூறு மடங்கு கனமானவர். அவர் முழுசாக மாறவும் வேண்டாம். டிசம்பர் விடுமுறையில் 'சரிப்படுத்த' மகனைச் சென்னை மருத்துவரிடம் கூட்டிப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் இத்தகைய 'மாற்றுச் சிகிச்சை' முயற்சிகளைத் தடுக்கச் சொன்னது. 2022இல் இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. மருத்துவர் மறுத்துவிட்டார், தாயும் மகனும் திரும்பி வரும் விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் நான்கு மணி நேரம். அந்த நான்கு மணி நேரத்தை எழுதுங்கள்.

பையன் இன்னும் முழு மனிதனாக உருவாகவில்லை. உங்கள் சுருக்கத்தில் அவனுக்கு ஒரு ரகசியம் இருக்கிறது, வேறு எதுவுமே இல்லை. எந்தப் பாடம் வரும், யாரோடு பேருந்தில் போவான், எதற்குச் சிரிப்பான்? முதல் மூன்று பக்கத்தில் அவன் காதலுக்குச் சம்பந்தமில்லாத ஒன்றுக்காக ஆசைப்படட்டும்: ஓட்டப் பந்தயக் குழுவில் இடம், ஒரு பழைய கிட்டார், எதுவானாலும். பெண் சாயலை வைத்து அவனை வாசகருக்கு அடையாளம் காட்டாதீர்கள். சீண்டுகிறவர்கள் செய்யும் அதே ஊகத்தை நீங்களும் செய்ததாகிவிடும். பாலீர்ப்பு வேறு, பாலின அடையாளம் வேறு, திருநங்கையின் கதை இன்னொரு கதை. சிறுவயதில் எவரோ கெடுத்ததால் இப்படி ஆனான் என்ற காரணக் கதையும் வேண்டாம்.

வசைகளைச் சுத்தமான தமிழில் எழுதியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். இங்கே பையன்கள் 'பொண்டான்' என்று மலாயிலும் 'ஆ குவா' என்று ஹொக்கியனிலும் 'ஒம்போது' என்று தமிழிலும் மாற்றி மாற்றித்தான் கூப்பிடுவார்கள். சீனப் பிள்ளைகள் முன்னால் ஒன்று, தமிழ் வகுப்பில் ஒன்று. முதலில் கூப்பிட்டவனைவிட, சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்ட நண்பனை அருகில் போய்ப் பாருங்கள். கதையை அந்த நண்பனின் கண்வழியே சொல்லலாமா என்றுகூட யோசிக்கலாம். ஸ்கிரீன்ஷாட்டை இரண்டாவதாக அனுப்பியவன் அவனாக இருக்கட்டும்.

ஓர் எச்சரிக்கை. இந்தக் கதையை வகுப்பில் பாடமாக வைக்காதீர்கள். பாலியல் கல்வியைத் தனியாகத் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவிக்கப்பட்ட ஆசிரியர்களே நடத்துகிறார்கள், பெற்றோர் தங்கள் பிள்ளையை அதிலிருந்து விலக்கிக்கொள்ளவும் முடியும். தமிழ்ப் பாடவேளையில் அதைத் தொட்டால் பெற்றோர் புகார் உங்கள்மேல் வரும், அந்தப் பையன்மேல் வகுப்பின் கண் திரும்பும். நூலாக வந்தால் நூலக அலமாரிக்குப் போகட்டும். 2014இல் இரண்டு ஆண் பென்குயின்கள் குஞ்சு வளர்க்கும் படப் புத்தகம் சிறுவர் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டு, கூழாக்கப்படவிருந்து, வாசகர்களின் எதிர்ப்புக்குப் பிறகு பெரியவர் பகுதிக்கு மாறியது. பெரியவர் பகுதியில் இருக்கும் நூலைப் பதினைந்து வயதுக்காரனும் எடுத்துப் படிக்கலாம்.

கதையை வெளியீட்டுக்கு அனுப்பும் முன் இங்கே உயர்நிலைப் பள்ளி முடித்த, இருபதுகளில் இருக்கும் தன்பாலீர்ப்புள்ள தமிழர் இருவரிடம் படிக்கக் கொடுங்கள். அவர்கள் நேரத்துக்குப் பணம் கொடுங்கள். 'நன்றாக இருக்கிறதா?' என்று கேட்காதீர்கள், எந்தப் பக்கத்தில் நம்ப முடியாமல் போயிற்று என்று கேளுங்கள். இருவரும் ஒரே பக்கத்தைச் சொன்னால் அதிலிருந்து திரும்ப எழுதத் தொடங்குங்கள்.