தண்ணீரைக் குறைத்தால் பழம் சிறுத்துப் போகாதா?

"பழத்தோட்டத்தில் வேண்டுமென்றே தண்ணீரைக் குறைக்கலாம் என்கிறார்களே, காய் சிறுத்துவிடாதா? ஒட்டு மரத்துக்கும் இது சரிவருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எப்போது குறைக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், டட்டூரா ஆய்வு நிலையத்தின் டேவிட் சால்மர்ஸ், பீட்டர் மிட்செல் குழுவினர் பீச், பேரி மரங்களில் இதைச் செய்து பார்த்து 1980-களின் தொடக்கத்தில் முடிவுகளை வெளியிட்டார்கள். பீச் காய் ஒரே சீராகப் பெருப்பதில்லை. முதலில் கொஞ்சம் வளரும். அப்புறம் உள்ளே கொட்டை கெட்டிப்படும் வாரங்களில் ஏறக்குறைய நின்றுவிடும். அறுவடைக்கு முந்தைய வாரங்களில் மளமளவென்று பருக்கும். கொட்டை இறுகும் அந்தக் காலத்தில் மரம் தளிர் விடுவதில்தான் மும்முரமாக இருக்கும். அப்போது தண்ணீரைக் கட்டுப்படுத்தினால் அடங்குவது கிளைதான், காய் அல்ல. கிளை வெட்டும் கவாத்து வேலையும் மிச்சம். கடைசிக் கட்டத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. அங்கே கைவைத்தால் பழம் சிறுத்தே தீரும்.

ஒட்டு மரம் என்றால் வேர்ச்செடி, அதாவது ஒட்டுக்குக் கீழே வேராக நிற்கும் செடி, எது என்று பாருங்கள். இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் நிலையம் வகைப்படுத்திய எம்9 என்ற வேர்ச்செடி மேல் ஒட்டிய ஆப்பிள், குட்டையாக நின்று சீக்கிரம் காய்க்கும். ஆனால் வேர் பலவீனம். காய்ப் பாரத்தில் சாயாமலிருக்க ஆயுசுக்கும் முட்டுக்கொம்பு வேண்டும், மேல்மண் காய்ந்தாலே வாடும். சொட்டுநீர் போட்டு, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக விடுவதுதான் அதற்குச் சரி. தவிர, ஆப்பிள் காய் பீச் மாதிரி நடுவில் நின்று வளர்வதில்லை. அந்தக் கணக்கை அப்படியே இங்கே போடாதீர்கள். மணற்பாங்கான நிலத்தில் எம்9-ஐப் பட்டினி போட நான் துணியமாட்டேன்.