போர்டிகோ, சிட்அவுட், மாடி ஷீட்: கான்ட்ராக்ட் விடுறதுக்கு முன்னாடி கேளுங்க

வணக்கம். மதுரைல சைட் இன்ஜினியரா 22 வருஷம் ஆச்சு. வீட்டு முன்னாடி போர்டிகோ, சிட்அவுட், திண்ணை, மாடில ஷீட் இதெல்லாம் சின்ன வேலைன்னு நினைச்சு பேப்பர் பேனா எடுக்காமலே வாய்ப்பேச்சுல விட்டுடுறாங்க, அதுலதான் அதிகமா அடி படுறாங்க. தெரிஞ்சத சொல்றேன், கேளுங்க.

திண்டுக்கல்: பழைய வீட்டு முன்னாடி 12க்கு 10ல போர்டிகோ போடணும் சார். மேஸ்திரி மெட்டீரியலோட மொத்தமா ஒரு தொகை சொல்லி பாதிய அட்வான்ஸா கேக்குறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீங்க. அவர் கெட்டவர்னு சொல்ல வரல. பாதிப் பணம் கைக்குப் போனதும் அது உங்க வீட்டு சிமெண்ட்டா மாறாது, போன சைட்டுக்கு வாங்குன கம்பிக்கடை பாக்கிக்குப் போயிரும், உங்க வேலைக்கு அடுத்த வீட்டு அட்வான்ஸ் வரணும். இந்த சுத்துல எங்க அறுந்தாலும் அங்க இருக்கிற வீடு நின்னுடும்.

10 பெர்சென்ட் கொடுத்து ஆரம்பிங்க. குழி தோண்டி ஃபுட்டிங் (தூணுக்கு அடியில போடுற கான்கிரீட் அடித்தளம்) போட்டதும் ஒரு பங்கு, காலம், அதாவது தூண், எழும்புனதும் ஒரு பங்கு, ஸ்லாப் கான்கிரீட் முடிஞ்சதும் ஒரு பங்கு, பூச்சு முடிஞ்சதும் ஒரு பங்குன்னு வேலை முடிய முடிய பணம். கடைசி 10 பெர்சென்ட் ஒரு மழை பாத்துட்டு கொடுக்கிற மாதிரி பேசிக்கோங்க. இத எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க. சிமெண்ட் என்ன பிராண்டு, கம்பி எத்தன எம்எம், எவ்வளவு இடைவெளி, சென்ட்ரிங் (கான்கிரீட் ஊத்துறதுக்கு கீழ அடிக்கிற பலகையும் முட்டும்) யார் செலவு, டைல்ஸ் யாரோடது, இடிச்ச மண்ண அள்ளுறது யாரு, எல்லாமே அதுல இருக்கணும். மண் அள்ளுற 3,000 ரூபாய்க்கு சண்டை போட்டு பேச்சு நின்னு போன வீடெல்லாம் பாத்திருக்கேன்.

ஓசூர்: சதுரடிக்கு என்ன ரேட் சார் போகுது?

ஊருக்கு ஊர், மாசத்துக்கு மாசம் மாறும். உங்க ஏரியாலயே மூணு பேர்கிட்ட ஒரே டிராயிங்க கொடுத்து கேளுங்க. டிராயிங் இல்லாம கேட்டா மூணு பேரும் மூணு வேற வேலைக்கு ரேட் சொல்லுவாங்க.

விருதுநகர்: எங்களுது கரிசல் மண்ணு. பக்கத்து வீட்ல போட்ட போர்டிகோ ரெண்டே வருஷத்துல வீட்ட விட்டு பிரிஞ்சு விரல் போற அளவுக்கு வெடிப்பு. எங்களுக்கும் அப்படி ஆகுமா?

நல்ல கேள்வி. உங்க பழைய வீடு கட்டி 20 வருஷம்னா அதோட அஸ்திவாரம் எப்பவோ உக்காந்திருச்சு. புது போர்டிகோ இனிமேதான் உக்காரும். அதுலயும் கரிசல் மழைக்கு ஊதும், சித்திரை வெயிலுக்கு சுருங்கும், வீட்டுக்குக் கீழ இருக்கிற மண்ணு நனையறதே இல்ல, போர்டிகோக்குக் கீழ இருக்கிறது முழுசா நனையும். ரெண்டும் வேற வேற மாதிரி அசையுது, மேஸ்திரி பழைய சுவத்துல துளை போட்டு கம்பிய சொருகி ஒண்ணா பிணைச்சு விட்டுடுறார், அப்ப அந்த இடத்துலதானே வெடிக்கும்.

நாலு காலையும் தனியா நிறுத்துங்க. வீட்டு ஓரமாவும் ரெண்டு காலம் வரணும், பழைய சுவத்துல தாங்க விடாதீங்க. நடுவுல ஒரு இன்ச் இடைவெளி விட்டு தெர்மகோல் வச்சு, மழைத்தண்ணி இறங்காம மேல தகடு மடிச்சு மூடிடலாம். குழி கரிசல தாண்டி சுக்கான் (கெட்டியான சுண்ணாம்புக்கல் மண்ணு) தட்டுற வரைக்கும் போகணும். "4 அடி போதும்"னு மேஸ்திரி சொன்னா கடப்பாரைய குழிக்குள்ள போட்டு குத்தச் சொல்லிப் பாருங்க, சத்தத்துலயே தெரிஞ்சிரும்.

கும்பகோணம்: ரேட் எவ்வளவு?

ஓசூர்காரருக்கு சொன்னதுதான்.

சென்னை: காலம் இல்லாம வீட்டு ஸ்லாப்ல இருந்தே நீட்டி போர்டிகோ போட்டா கார் திருப்ப வசதின்னு கான்ட்ராக்டர் சொல்றார். 5 அடி நீட்டலாமா அண்ணே?

தம்பி, டிசைன் போட்ட இன்ஜினியர் கையெழுத்து இல்லாம வேண்டாம்.

சாதாரண ஸ்லாப் ரெண்டு பக்கமும் தாங்கி நிக்குது, பாரம் ஏறுனா அடிப்பக்கம்தான் இழுபடும், அதனால மெயின் கம்பி அடியில. வெளிய நீட்டுற ஸ்லாப்புக்கு அப்படியே தலைகீழ். நுனி தொங்கப் பாக்கும்போது மேல்பக்கம் இழுபடும், மெயின் கம்பி மேலதான் இருக்கணும், அதுவும் நீட்டுற நீளத்துல ஒன்றரை மடங்காவது வீட்டுக்குள்ள ஸ்லாப்ல ஓடணும். மேஸ்திரிங்க பல பேருக்கு இது தெரியும். தெரிஞ்சும் தப்பு நடக்குது. ஏன்னா கான்கிரீட் தட்டு தூக்கிட்டு ஆளுங்க கம்பி மேலயே நடப்பாங்க, கீழ சேர் கம்பி (மேல்கம்பிய தூக்கிப் பிடிக்கிற வளைச்ச கம்பி) வைக்கலைன்னா மேல கட்டுன கம்பி மிதிபட்டு பலகையோட படுத்துரும்.

மேலூர் பக்கம் ஒரு வீட்ல என்னை இடிஞ்சதுக்கு அப்புறம்தான் கூப்பிட்டாங்க. நாலரை அடி நீட்டுனது. ஒன்பதாம் நாள் சாயங்காலம் முட்டு எடுத்ததும் கதவு சாத்துற மாதிரி அப்படியே சுவரோட மடிஞ்சு தொங்கிருச்சு. கீழ ஆளில்லாதது அந்த குடும்பத்தோட புண்ணியம். உடைச்சுப் பாத்தேன், மேல ஒரு கம்பி இல்ல. மொத்தமும் அடியில கிடந்துச்சு, துருகூட ஏறாம புதுசா மினுங்குச்சு. அவங்க கம்பிக்கு கொடுத்த காசு முழுசும் அங்கதான் இருந்துச்சு, இருக்க வேண்டிய இடத்துல இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.

கான்கிரீட்டுக்கு முன்னாடி நாள் டேப் எடுத்துட்டு நீங்களே ஏறுங்க. 5 இன்ச் ஸ்லாப்னா மேல்கம்பி பலகைல இருந்து கிட்டத்தட்ட 4 இன்ச் உயரத்துல இருக்கணும். கம்பி மேல ஏறி மிதிச்சுப் பாருங்க, அமுங்குச்சுன்னா சேர் பத்தல.

சிவகங்கை: சார், எங்கப்பா 30 வருஷமா மேஸ்திரி. நீங்க எல்லாரும் பணத்த நிறுத்து நிறுத்துன்னே சொல்றீங்க. சனிக்கிழமை ஆனா கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி போடணும், அது எங்க இருந்து வரும்? போன வருஷம் ஒரு வீட்டுக்காரர் "பூச்சு சரியில்ல"ன்னு சொல்லி கடைசி 40,000 தரவே இல்ல. அதுக்கு யாரு எழுதி கையெழுத்து வாங்குறது?

நீங்க கேக்குறது நியாயம்தான் தம்பி. இந்த பக்கத்தையும் நான் ஆரம்பத்துலயே சொல்லியிருக்கணும். வீட்டுக்காரங்களே, வேலை முடிஞ்ச பங்குக்கு அன்னைக்கே பணம் கொடுங்க. வாரக்கூலிய இழுத்தடிச்சா நல்ல கொத்தனார் திங்கக்கிழமை வேற சைட்டுக்குப் போயிருவார், உங்களுக்கு கத்துக்குட்டிதான் மிஞ்சும். எழுதுற ஒப்பந்தம் ரெண்டு பேருக்கும்தான் காவல், "பூச்சு சரியில்ல"ன்னா எது சரின்னு அதுல முன்னாடியே இருக்கணும்.

சின்ன மேஸ்திரிங்களுக்கு லேபர் கான்ட்ராக்ட்தான் தோது. பொருள வீட்டுக்காரர் வாங்கிப் போடட்டும், அப்பா கூலிய மட்டும் வாராவாரம் வாங்கட்டும்.

திருச்சி: லேபர் கான்ட்ராக்ட்தான் சார் நாங்க விட்டோம். சிமெண்ட் மூட்டை எண்ணுறதும் ஜல்லி லோடு பாக்குறதுமா நான் வேலைக்கே போக முடியல.

உண்மைம்மா, அலைச்சல் உங்க தலைல விழும். வீட்ல ஆள் இல்லைன்னா மெட்டீரியலோட விடுறதே மேல், ஆனா கம்பி வந்து இறங்குறப்ப மட்டும் பாருங்க. 12 எம்எம் கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ, 12 மீட்டர் முழுக்கம்பி பத்தரை கிலோவுக்கு மேல நிக்கணும். ரொம்ப குறைஞ்சா திருப்பி அனுப்பிடுங்க.

சிவகங்கை: கம்பி, பணமெல்லாம் சரி சார். கான்கிரீட்ல தண்ணியே விடக்கூடாதுன்னும் இன்ஜினியருங்க சொல்றீங்க. கொஞ்சம் விட்டாதான் ஓடும், இல்லைன்னா தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையா வரும். எங்கப்பா கட்டுனது எதுவும் விழுந்ததில்ல.

அப்பா கைவேலைய குறை சொல்லல. ஓட்டை விழும்னு சொல்றீங்களே, அதுக்கு மருந்து கான்கிரீட்ட அதிர வச்சு இறுக்குற வைப்ரேட்டர், தண்ணி இல்ல. எம்20ங்கிற கான்கிரீட் கலவைக்கு ஒரு மூட்டை சிமெண்ட்டுக்கு 30 லிட்டர் தண்ணி, கான்கிரீட்டுக்கான இந்திய தர விதி ஐஎஸ் 456லயே இருக்கு. 20 லிட்டர் பெயிண்ட் வாளில ஒன்றரை வாளி. மணல் ஈரமா இருந்தா இன்னும் குறைக்கணும். கூட ஊத்துன தண்ணி காஞ்சு போற இடமெல்லாம் நுண்ணு நுண்ணா ஓட்டை, அது வழியா ஈரம் போய் கம்பிய அரிக்கும். விழாது தம்பி, 15 வருஷம் கழிச்சு காரை பேந்து கம்பி தெரியும். அப்ப யாரும் அப்பாவ கூப்பிட மாட்டாங்க, அதனால அப்பாவுக்கு அது தெரியவே வராது. ஒரு சைட்ல வைப்ரேட்டர் வாடகைக்கு எடுத்து அளந்து ஊத்திப் பாக்கச் சொல்லுங்க, முட்டு பிரிச்சதும் அடிப்பக்கம் எப்படி இருக்குன்னு அவரே பாக்கட்டும்.

சேலம்: போர்டிகோ எந்த மூலைல வரணும், வாஸ்துப்படி?

அது என் வேலை இல்லங்க, வாஸ்து பாக்குறவர்கிட்ட கேளுங்க. எந்த மூலைன்னு முடிவு பண்ணிட்டு வாங்க, எப்படி கட்டுறதுன்னு சொல்றேன்.

ஈரோடு: சதுரடி ரேட் சார்?

மூணாவது தடவை. மேல படிங்க.

நாகப்பட்டினம்: கஜா புயல்ல மாடி ஷீட் மொத்தமும் பறந்துருச்சு. மறுபடி போடணும், இந்த தடவை கனமான ஷீட் போட்டா நிக்குமா?

2018 நவம்பர்ல உங்க ஊர் பட்டது எல்லாருக்கும் தெரியும். கனம் காப்பாத்தாதுங்க. காத்து மேல இருந்து அமுக்கி ஷீட் போறதில்ல, உள்ள புகுந்து கீழ இருந்து தூக்கித்தான் பிய்க்குது. அதனால பிடிமானம்தான் முக்கியம். பைப் கால வெறும் தளத்துல துளை போட்டு நிறுத்தாம, கீழ காலமோ பீமோ இருக்கிற இடத்துல பேஸ் பிளேட் (காலுக்கு அடியில வைக்கிற இரும்புத் தகடு) வச்சு கான்கிரீட்டோட பிடிக்கிற ஆங்கர் போல்ட் போடச் சொல்லுங்க. ஓரத்து வரிசைல ஸ்க்ரூ நெருக்கமா வேணும், எல்லா ஸ்க்ரூவுக்கும் ரப்பர் வாஷர் வேணும். கடல்காத்துக்கு வெல்டிங் பண்ண இடம்தான் முதல்ல துரு ஏறும், அத பிரைமர் அடிக்காம விட்டுட்டுப் போனா கடைசி பணத்த கொடுக்காதீங்க.

தாம்பரம்: பாதி வேலைல கான்ட்ராக்டர் போனே எடுக்க மாட்டேங்குறார். போலீஸ்ல சொல்லலாமா?

முதல்ல இப்ப இருக்கிற நிலைய தேதியோட போட்டோ எடுங்க, பணம் கொடுத்த ரசீது எல்லாத்தையும் ஒண்ணா சேருங்க, வக்கீல் மூலமா நோட்டீஸ் அனுப்புங்க. வீடு கட்டிக் கொடுக்கிறதும் நுகர்வோர் சட்டத்துல சேவைதான், மாவட்ட ஆணையத்துல 2 வருஷத்துக்குள்ள புகார் கொடுக்கலாம், நீங்க கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் கிடையாது. பணமா கையில கொடுத்திருந்தா கஷ்டம். அதனாலதான் பேங்க் வழியா அனுப்புங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிறேன்.

காரைக்குடி: சார், நாளைக்கு காலைல 7 மணிக்கு சிட்அவுட் ஸ்லாப் கான்கிரீட். முன்னாடி 3 அடி நீட்டுது. மேல நீங்க எழுதுனத இப்பதான் படிச்சேன். கம்பிய போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன், பாருங்க.

பாத்தேன்மா. அந்த 3 அடில கம்பி பலகையோட கிடக்குது, ஒரு சேர் கூட இல்ல. நாளைக்கு காலைல போட வேண்டாம். இப்பவே மேஸ்திரிக்கு போன் போட்டு கம்பி கட்டுறவர 6 மணிக்கெல்லாம் வரச் சொல்லுங்க, நீட்டுற இடத்துல அந்த கம்பிய மேல தூக்கி சேர் வச்சு கட்டட்டும், உள்பக்கம் நாலரை அடி ஓடணும். அரை நாள் வேலைதான். ஜல்லியும் மணலும் இறங்கியிருந்தா கெட்டுப் போகாது, ஆளுங்க கூலி அரை நாள் போகும், அத நீங்களே கொடுத்துடுங்க, மேஸ்திரியோட மல்லுக்கு நிக்க வேண்டாம். கட்டி முடிச்சதும் டேப்ப நிறுத்தி வச்சு போட்டோ அனுப்புங்க, பாத்து சொல்றேன், அப்புறம் மிக்ஸர ஓட்டலாம்.